ரெசிஸ்டர் சரி, வோல்ட் தப்பு: மீட்டரைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி: டிவி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாகப் புழங்கும் மஞ்சள் நிறச் சின்ன மல்டிமீட்டர், கடை பிளக்கில் 262 வோல்ட் காட்டுகிறது. பக்கத்துக் கடைக்காரர் மீட்டரில் அதே பிளக் 232. ரெசிஸ்டர் அளந்தால் மட்டும் சரியாக வருகிறது. மில்லிஆம்பியரில் எப்போதும் பூஜ்யம்தான். தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: வேண்டாம். ரெசிஸ்டர் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது.

இந்த மாதிரி மீட்டர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் 7106 ஐசி, அதாவது அளவை எண்ணாக மாற்றித் திரையில் காட்டும் சில்லு, அல்லது அதன் வழி வந்தது. 9 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 2.8 வோல்ட்டை அது நிலையாக நிறுத்தி, அதிலிருந்து 100 மில்லிவோல்ட்டைப் பிரித்து வைத்துக்கொள்ளும். அதுதான் அதன் எடைக்கல். பேட்டரி 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த எடைக்கல் தேய்கிறது. வோல்ட் கூடுதலாகத் தெரிகிறது. ரெசிஸ்டருக்கு இந்த எடைக்கல் தேவையில்லை. உள்ளே இருக்கும் ரெசிஸ்டரிலும் வெளியே நீங்கள் வைப்பதிலும் ஒரே கரண்ட்டை விட்டு, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்க்கிறது.

முதலில் புது பேட்டரி போடுங்கள். திரையில் பேட்டரி படம் வரவில்லையே என்று இருந்துவிடாதீர்கள், மலிவு மீட்டர்கள் பலவற்றில் அது கிடையாது. பிறகு ஒரு புது அல்கலைன் பென்சில் செல்லை அளந்து பாருங்கள். 1.6 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அப்போதும் 1.8 வந்தால் கோளாறு உள்ளே. அங்குள்ள, எடைக்கல்லைச் சரிசெய்யும் சின்னத் திருகை கண் மதிப்பில் திருப்பக் கூடாது, 2.5, 5, 7.5, 10 வோல்ட்டைத் துல்லியமாகத் தரும் ஏடி584 போர்டு ஒன்று வாங்கி, அதை வைத்துச் சரிசெய்யுங்கள்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். உள்ளே 110 வோல்ட் வர வேண்டிய ஒரு கலர் டிவியில் 124 காட்டியது. அந்த வோல்ட்டை நிலையாக நிறுத்தும் எஸ்டிஆர் ஐசி நல்லதாகவே இருந்தும், அதைக் கழற்றி வேறு போட்டேன், அப்போதும் 124. இரண்டு நாள் போயிற்று. குறை மீட்டர் பேட்டரியில். அன்றிலிருந்து காலையில் கடை திறந்ததும் ஒரு பென்சில் செல்லை அளந்துவிட்டுத்தான் வேலை தொடங்குகிறேன்.

மில்லிஆம்பியர் பூஜ்யம் என்றால் ஃபியூஸ் போயிருக்கும். புரோப்களை (அளக்கும் முனை உள்ள ஒயர்களை) கழற்றிவிட்டு, ஆஃப் செய்து, பின்மூடியைத் திறந்து ஃபியூஸை வெளியே எடுங்கள். மூடியை மாட்டிவிட்டு அதே மீட்டரின் 200 ஓமில் அந்த ஃபியூஸை அளக்கலாம். ஓம் சரியாகத்தான் இருக்கிறதே. போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பி சுற்றவே கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன். அப்படிச் சுற்றிவிட்டு, மில்லிஆம்பியரில் வைத்தபடி மறந்து 230 வோல்ட் லைனைத் தொட்டால் மீட்டர் கையிலேயே வெடிக்கலாம். 10 ஆம்பியர் துளைக்குப் பல மீட்டர்களில் ஃபியூஸே கிடையாது. அளந்ததும் புரோபை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

புரோப் முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, 200 ஓமில் ஒயரை ஆட்டியும் பாருங்கள். எண் குதித்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது; புது ஒயர் வாங்கிவிடுங்கள்.

பேட்டரி மாற்றிய பிறகு கடை பிளக்கில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள்.