தொழில் கடன், மானியம், மாதம் 1,000 ரூபாய்: சேலத்து இளைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

ஏற்காடு, நாகலூர்: ஐயா, நாங்கள் மலையாளிப் பழங்குடி. எங்கள் காபியை நாங்களே வறுத்து அரைத்து விற்க ஒரு சின்ன ஆலை போட ஆசை. 10 லட்சம் ஆகும். மானியம் உண்டா?

உண்டு தம்பி. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் காபி பயிரிடக் கடன் கிடையாது. ஆனால் வறுத்து அரைப்பது உற்பத்தித் தொழில், அதற்குக் கிடைக்கும். ஊராட்சிப் பகுதி, பழங்குடி என்பதால் உங்களுக்கு மானியம் 35 சதவீதம். 10 லட்சத்தில் கைக்காசு 50,000 போட்டால் போதும், மீதி 9.5 லட்சமும் வங்கிக் கடன்.

இங்கேதான் கவனம் வேண்டும். மானியமான 3.5 லட்சம் உங்கள் கைக்கு வராது. உங்கள் பெயரில் 3 ஆண்டு வைப்பாகக் கிடக்கும். அதற்கு வட்டி சேராது, கடனில் அந்த அளவுக்கு வட்டியும் போட மாட்டார்கள். ஆலை ஒழுங்காக ஓடினால், அப்புறம் கடனில் கழித்துக்கொள்வார்கள். மானியத்தை நம்பி இயந்திரம் வாங்கி, ஒரே வருடத்தில் ஆலையைப் பூட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதலில் பத்து கிலோ வறுத்து, சேலத்துக் கடைகள் சிலவற்றில் கொடுத்துப் பாருங்கள். திரும்ப வந்து கேட்கிறார்களா? கேட்டால் துணிந்து இறங்குங்கள்.

விண்ணப்பம் இலவசம். மாவட்டத் தொழில் மையத்தில் வழி சொல்வார்கள். 10 லட்சம் வரை சொத்துப் பிணையும் தேவையில்லை. "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை: அப்பாவின் கொலுசுப் பட்டறையைப் பெரிதாக்க இதே கடன் கிடைக்குமா?

இது புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கும் பட்டறைக்கு முத்ரா கடன் கேளுங்கள்.

ஓமலூர்: குரூப் 4 தேர்வுக்கு எப்படிப் படிப்பது?

என் துறை இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசமாகவே பயிற்சி தருகிறார்கள், அங்கே போங்கள்.

ஆத்தூர்: மானியத் தொகை எத்தனை நாளில் கைக்கு வரும்?

மேலே நாகலூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அம்மாப்பேட்டை: புதுமைப் பெண் திட்டம் என்று மாதம் 1,000 ரூபாய் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள். இது என்ன இளைஞர் நலன்?

ஒப்புக்கொள்ள மாட்டேன். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் முன்பு இருந்தது திருமண உதவித் திட்டம். பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கிடைத்தது, ஆனால் கல்யாணம் நடந்தால்தான். 2022இல் அதை உயர்கல்விக்கு மாற்றினார்கள். இப்போது படித்தால் பணம், அதுவும் அவள் கணக்கில். வீட்டில் "பஸ்ஸுக்குக் காசில்லை, காலேஜ் போதும்" என்று சொல்லும் நாளில் இந்த ஆயிரம் அவளுக்காகப் பேசும். தன் பெயரில் வந்து விழும் முதல் பணம் ஒரு பெண்ணை எப்படி நிமிர வைக்கிறது என்பதை வங்கிக் கவுன்ட்டரில் நின்று பார்த்தவன் நான்.

அம்மாப்பேட்டை (மறுபடியும்): அப்படியென்றால் பையன்களுக்கு?

அவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்ட் முதல். அதே ஆயிரம்.

சங்ககிரி: ஆயிரம் வாங்கிப் படித்து முடித்தபின் வேலை எங்கே?

இது நியாயமான கேள்வி. இந்தப் பணம் பிள்ளையைக் கல்லூரி முடியும்வரை கொண்டுபோகும், அவ்வளவுதான். அதற்கு மேல் திறன் வேண்டும். அதற்காக 2022இல் வந்தது 'நான் முதல்வன்' என்னும் அரசின் திறன் பயிற்சித் திட்டம். அதில் சான்றிதழ் வாங்குவதோடு நிற்காமல், ஒரு பட்டறையிலோ ஆலையிலோ தொழில் பழகுநராகச் சேரச் சொல்லுங்கள். அம்மாப்பேட்டை நண்பர் இதைக் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

மேட்டூர்: மானியம் கைக்கு வர யாரைப் பார்க்க வேண்டும்?

யாரையும் பார்க்க வேண்டாம். கைக்கு வராது. மூன்றாம் முறை சொல்கிறேன், பார்க்கச் சொல்லிப் பணம் கேட்பவர் இடைத்தரகர்.

வாழப்பாடி: ஐயா, நான் ஐடிஐ படிக்கிறேன், அரசுப் பள்ளி மாணவி. எனக்கும் அந்த ஆயிரம் உண்டா?

உண்டு கண்ணு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் ஐடிஐக்கும் பொருந்தும். கணக்கு உன் பெயரிலேயே இருக்க வேண்டும், ஆதார் இணைத்திருக்க வேண்டும். நாளைக்கே உன் ஐடிஐ அலுவலகத்தில் கேள்.