பேத்தோவன் வயலின் சொனாட்டாக்கள்: எந்தப் பதிப்பை நம்பலாம்? (கேள்வி பதில்)

கேள்வி: வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் இந்தப் பத்து சொனாட்டாவுக்கும் எந்தப் பதிப்பு வாங்கலாம்?

பதில்: ஹென்லே, பேரென்ரைட்டர் என்ற ஜெர்மன் பதிப்பகங்கள் இரண்டையும் நம்பி வாங்கலாம். வாங்கியதும் முதலில் பாடபேதக் குறிப்பை, அதாவது மூலங்கள் எங்கே வேறுபடுகின்றன என்று சொல்லும் பகுதியை, படியுங்கள். அட்டையில் 'உர்டெக்ஸ்ட்' (மூலபாடம்) என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். எந்த ஸ்வரம் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்லாதது செம்பதிப்பே அல்ல.

கேள்வி: பேத்தோவன் கைப்பட எழுதியதை அப்படியே அச்சடித்தால் போதாதா?

பதில்: கைப்பிரதி கிடைத்தால்தானே? ஓபஸ் (படைப்பு எண்) 12-இன் மூன்று சொனாட்டாவுக்கும் கைப்பிரதி இல்லை. ஆர்தாரியா பதிப்பகத்தின் முதல் அச்சுதான் ஆதாரம். 'ஸ்பிரிங்' சொனாட்டாவின் (ஓபஸ் 24) கைப்பிரதி வியன்னாவில் இருக்கிறது, ஆனால் அதில் கடைசிப் பகுதி இல்லை. முழுதாகக் கிடைத்தாலும் வேலை முடியாது. கைப்பிரதியில் ஒன்று, முதல் அச்சில் வேறொன்று என்றால், அது அவரே பிறகு செய்த திருத்தமா, தகட்டில் செதுக்கியவர் கை தவறியதா? ஒவ்வோர் இடமாக எடைபோட வேண்டும்.

கேள்வி: ஓபஸ் 23-ம் 24-ம் ஜோடியாமே?

பதில்: ஆமாம். 1801-இல் பதிப்பாளர் மோல்லோ இரண்டையும் ஒரே எண்ணில்தான் வெளியிட்டார். வயலின் தாள்களில் ஒன்றை நீளவாக்கிலும் மற்றதை அகலவாக்கிலும் செதுக்கிவிட்டார்கள். அதனால்தான் பிறகு பிரித்து இரண்டு எண்.

கேள்வி: பழைய பதிப்பில் ஸ்டக்காட்டோ (ஸ்வரத்தை வெட்டி வாசிக்கும்) குறி எல்லாம் புள்ளி. புதியதில் சில இடங்களில் சிறு கோடு. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. புள்ளி இருக்கும் இடத்தில் கோடு கூடாது, கோட்டுக்குப் பதில் புள்ளியும் கூடாது என்று 1825-இல் தன் படைப்புகளைப் படியெடுக்க உதவிய கார்ல் ஹோல்ஸுக்குப் பேத்தோவனே எழுதினார். அது ஓபஸ் 132 குவார்ட்டெட் (நால்வர் வாசிக்கும் படைப்பு) பற்றிய கடிதம். ஸ்லருக்குக் (ஸ்வரங்களைச் சேர்க்கும் வளைகோட்டுக்கு) கீழே புள்ளி வந்தால் வில்லைத் திருப்பாமல் மெல்ல அழுத்தி அழுத்தி விட வேண்டும். தனியாக நிற்கும் கோடு வெட்டிப் பிரிப்பது.

கேள்வி: அவசரமாக எழுதினால் புள்ளியே கோடாக இழுபடுமே! இதெல்லாம் பதிப்பாசிரியர் கற்பனை.

பதில்: இழுபடும், மறுக்கவில்லை. அதனால் தனியாக நிற்பவற்றை ஒரே குறியாக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, குறிப்பில் சொல்லிவிட்டால் சரி. ஸ்லருக்குள் இருப்பதில் கைவைப்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

பதில்: இப்போதே வயலினை எடுங்கள். ஒரே ஸ்வரத்தை நான்கு முறை, ஒரே வில்லில் அழுத்தி அழுத்தி. அப்புறம் அதே நான்கு, தனித்தனி வில்லில் வெட்டி. முதலாவது மூச்சுவிடாத ஒரே சொல், இரண்டாவது நான்கு சொல். பக்கத்து அறையில் இருப்பவருக்கும் கேட்கும்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், எது பெஸ்ட்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இலவசமாகக் கிடைக்கும் பழைய ஸ்கேன் போதுமா?

பதில்: ஸ்வரம் பழக உதவும். ஆனால் அதிலுள்ள ஸ்லர் பேத்தோவனுடையதா, பதிப்பித்த வயலின் கலைஞருடையதா என்று தெரியாது. பாடபேதக் குறிப்பு, பாடபேதக் குறிப்பு!

கேள்வி: செல்லோ சொனாட்டாக்களுக்கு?

பதில்: என் துறை இல்லை. செல்லோ வாசிப்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: 'க்ராய்ட்ஸர்' சொனாட்டா, முதல் கச்சேரியில் வாசித்தபடியே அச்சாகியிருக்கிறதா?

பதில்: முழுக்க இல்லை. 1803 மே 24 அன்று வயலின் கலைஞர் பிரிட்ஜ்டவர் பேத்தோவனோடு வாசித்தார். பிரெஸ்டோ என்ற விரைவான பகுதியில் பியானோ தனியாக ஓடும் இடத்தை, திருப்பி வாசிக்கும்போது அவர் வயலினிலும் அதேபோல் ஓடவிட்டார். பேத்தோவன் துள்ளி எழுந்து கட்டிக்கொண்டு, இன்னொரு முறை என்றாராம். இது பிரிட்ஜ்டவரே எழுதிவைத்தது. 1805-இல் பதிப்பாளர் ஸிம்ரோக் அச்சிட்டபோது அந்த ஓட்டம் அதில் இல்லை, அர்ப்பணிப்பில் பிரிட்ஜ்டவர் பெயரும் இல்லை.