மலாயா ஸ்டாம்ப் சீல்ல வருஷம் 2602-ன்னு இருக்கு, இது போலியா?

தாத்தா ஆல்பத்துல இருக்குற மலாயா ஸ்டாம்ப்ல தேதி 2602-ன்னு அடிச்சிருக்கே, அச்சுப் பிழையா இல்ல யாராவது விளையாடிட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க. பிழை இல்லைங்க, அது ஜப்பான்காரன் வருஷக் கணக்கு. அவங்க முதல் சக்கரவர்த்தி ஜிம்மு கி.மு. 660-ல பட்டத்துக்கு வந்தாருன்னு ஒரு ஐதீகம், அப்பல்லாம் அதுலேருந்து எண்ணிக்கிட்டு வந்தாங்க. 660-ஐ கழிச்சுப் பாருங்க, 1942 வரும்.

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைல விழுந்துச்சு. உடனே ஊர் பேரை ஸ்யோனான்னு மாத்திட்டாங்க, தெற்கோட வெளிச்சம்னு அர்த்தமாம் (சனங்க பட்ட பாட்டுக்கு நல்ல பேருதான்). கடிகாரத்தைக்கூட ஒன்றரை மணி நேரம் முன்னால தள்ளி டோக்கியோ நேரத்துக்கு வெச்சாச்சு, அப்புறம் தபாலாபீஸ் சீல் மட்டும் பழசா இருக்குமா? ஆனா கைல புது ஸ்டாம்ப் கிடையாது, அதனால வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன ஸ்டாக்கையே எடுத்து ஆறாம் ஜார்ஜ் மூஞ்சி மேலயே ஒரு கட்டம் போட்ட ஜப்பான் எழுத்து முத்திரையக் குத்தி மார்ச் மாசமே விக்க ஆரம்பிச்சுட்டாங்க. கையால குத்துனதுதான, ஒண்ணு தலைகீழா இருக்கும், ஒண்ணு பாதி ஓரத்துக்கு வெளிய போயிருக்கும். 1943-ல வந்த புது ஸ்டாம்ப்ல ஒரு காசு ஸ்டாம்ப்ல ரப்பர் மரத்துல பால் வெட்டுற படம், அதே வருஷம்தான் எஸ்டேட்ல பால் வெட்டிக்கிட்டிருந்த நம்ம ஆளுங்கள சயாம் (இப்ப தாய்லாந்து) ரயில் பாதை போட ஏத்திக்கிட்டுப் போனாங்க, அந்த ஸ்டாம்ப எப்ப எடுத்தாலும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

இன்னொரு வகை சீல் இருக்கு, அதுலதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. 18.2.15-ன்னு இருக்கும். நம்ம பழக்கத்துல 1915 பிப்ரவரி 18-ன்னு படிச்சிடுவோம். அது முதல்ல வருஷம், அப்புறம் மாசம், கடைசில தேதி. 18-ங்கிறது ஷோவா 18 (அப்ப இருந்த ஜப்பான் சக்கரவர்த்தியோட ஆட்சி வருஷக் கணக்கு), அதாவது 1943. ஆக, சிங்கப்பூர் விழுந்து சரியா ஒரு வருஷம் ஆன நாள்.

போலி பத்தி கேட்டதுக்கு என் சொந்தக் கதையே இருக்கு. சில வருஷம் முன்னாடி ஒரு ஸ்டாம்ப் கண்காட்சில ஒருத்தர் ஒரு கவர் காட்டுனாரு, ஸ்யோனான் சீல், 2603, விலாசம் தேவகோட்டை. செட்டியார் வீட்டுக் கவர்னு நெனச்சு பேரம்கூட பேசாம வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சோறு திங்கும்போதுதான் பொறி தட்டுச்சு, 2603-ன்னா 1943, அப்ப மலாயா ஜப்பான் கைல, தேவகோட்டை வெள்ளைக்காரன் கைல, ரெண்டு பேரும் சண்டைல இருக்கும்போது சாதா கடுதாசி எந்தக் கப்பல்ல வரும்? எங்க ஆச்சி பெட்டில இருக்குற மலாயாக் கடுதாசியும் அப்படித்தான், 1941 கடைசியோட நின்னுடும், அடுத்தது போர் முடிஞ்சப்புறம்தான். ஸ்டாம்ப் நிஜம், சீல்தான் பின்னாடி எவனோ அடிச்சது. அதனால சீல பாக்குறதுக்கு முன்னாடி விலாசத்தப் பாருங்க.

உங்களோடது ஒட்டுன பேப்பரோட இருந்தா தயவுசெஞ்சு தண்ணில ஊறப்போட்டு பிரிச்சிடாதீங்க, முழு சீலும் போயிடும். ஊர் பேர் பாதியாவது தெரியுதான்னு லென்ஸ் வெச்சுப் பாருங்க. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானுன்னா இன்னும் சுவாரஸ்யம், அந்த நாலு மாநிலத்தையும் 1943 அக்டோபர்ல ஜப்பான்காரன் தாய்லாந்துக்குத் தூக்கிக் குடுத்துட்டான், 1944-ல தாய்லாந்துக்காரன் அங்க தனி ஸ்டாம்ப்பே விட்டான், 1945-ல அதுவும் முடிஞ்சுது. போட்டோ எடுத்துப் போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.