சக்கரமும் வெளியே, தலையும் வெளியே: ஃபார்முலா ரேஸ் பாதுகாப்பு, கேள்வி பதில்

கோவை, சென்னைப் பந்தயங்களுக்காக மலையிறங்கிப் போகும் நீலகிரிக்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. டிரைவர்கள், மார்ஷல்கள் (பாதையோரம் கொடி காட்டி, விபத்தில் உதவுபவர்கள்), வெறும் ரசிகர்கள் எல்லோரும் இதில் உண்டு.

கோத்தகிரி: சாதாரண ரேஸ் கார் இடித்தால் நசுங்குகிறது. ஃபார்முலா கார் மட்டும் ஏன் பறக்கிறது?

சக்கரத்துக்கு மட்கார்டு இல்லை, அதுதான். முன்னே ஓடும் காரின் பின்சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் பின்விளிம்பு மேல்நோக்கிச் சுழல்கிறது. துரத்தி வருகிற காரின் முன்சக்கரத்தில் முன்விளிம்பு கீழ்நோக்கிச் சுழல்கிறது. இரண்டும் தொட்டால் ரப்பரை ரப்பர் கவ்வி, பின்னால் வந்தவர் ஏணியில் ஏறுவதுபோல் ஏறிவிடுவார். 2010இல் வாலென்சியாவில் மார்க் வெபரின் கார் ஹெய்க்கி கோவலைனனின் பின்சக்கரத்தில் ஏறித்தான் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டது. அவர் நடந்து வெளியே வந்தார். 1982இல் சோல்டரில் கில் வில்னூவ் இதேபோல் யோக்கன் மாஸ் காரின் மேல் ஏறினார். கார் சிதறியது, இருக்கையோடு தூக்கி எறியப்பட்டு இறந்தார்.

புதிதாக ஓட்டுபவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. முந்தப் பார்த்து, தன் முன்சக்கரத்தை அடுத்தவரின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நுழைத்து, பாதியில் மனம் மாறிக் காலை எடுத்துவிடுவார்கள். கோத்துக்கொள்ளும் இடம் அதுதான். ஒன்று முழுக்கப் பக்கத்தில் போங்கள், இல்லையென்றால் முழுக்கப் பின்னால் இருங்கள்.

குன்னூர்: டிரைவர் தலையைச் சுற்றி வளைந்து காக்கும் சட்டகமான ஹாலோவின் தூண் கண்ணுக்கு நேரே நிற்கிறதே, பாதை மறைக்காதா?

ஒரு பென்சிலைக் கைநீட்டும் தூரத்தில் நட்டுக்குத்தாகப் பிடித்து, எதிர்ச் சுவரைப் பாருங்கள். சுவரில் எதுவும் மறையாது. ஒரு கண்ணுக்கு மறைவதை மற்றக் கண் பார்த்துவிடும். நம் கண்களுக்கு இடையே 6 செ.மீ. சொச்சம் இருக்கிறது, ஹாலோவின் நடுத்தூண் அதைவிட ஒல்லி. மேட்டுப்பாளையம் ரோட்டில் கொண்டை ஊசி திரும்பும் பஸ்ஸின் கண்ணாடித் தூண் அதைவிட அகலம். அதன் பின்னால் ஒரு பைக்கே ஒளிந்துகொள்ளும். பயப்படவேண்டியது அந்தத் தூணுக்கு.

ஹாலோ 2018இல் ஃபார்முலா 1 (எஃப்1) பந்தயத்துக்கு வந்தது. டைட்டானியம், எடை 7 கிலோ அளவு. மேலிருந்து ஏறக்குறைய 12 டன் சுமையை ஏற்றிச் சோதிப்பார்கள். செருப்பு வார் மாதிரி இருக்கிறது, அழகு போச்சு என்று அன்று புலம்பியவர்களில் ரொமான் குரோஜானும் ஒருவர். 2020 பஹ்ரைனில் அவருடைய கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து உள்ளே நுழைந்தபோது, தலைக்கும் இரும்புக்கும் நடுவே நின்றது ஹாலோதான்.

ஆனால் சின்னப் பொருள் வந்தால் ஹாலோவின் இடைவெளியில் புகுந்துவிடும். 2009 ஹங்கேரியில் முன்னே போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஃபெலிப்பே மாஸாவின் ஹெல்மெட்டில் அடித்தது. அதன் பிறகுதான் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசரின் மேல்விளிம்பில் ஸைலான் என்ற உறுதியான இழைப் பட்டை வந்தது. 2015இல் போக்கோனோவில் உடைந்த காரின் மூக்குப்பகுதி தலையில் பட்டு ஜஸ்டின் வில்சன் இறந்தார். அமெரிக்க ஃபார்முலா பந்தயமான இண்டிகார் 2020 முதல் ஹாலோ சட்டகத்தோடு கண்ணாடித் திரையும் சேர்த்து மாட்டுகிறது.

ஊட்டி: 67 ஜி அடி வாங்கி மனிதன் எப்படிப் பிழைக்கிறான்?

ஒரு ஜி என்பது புவியீர்ப்பின் அளவு; 67 ஜி என்றால் அதைப்போல் 67 மடங்கு. பஹ்ரைனில் குரோஜானுக்குப் பதிவான உச்சம் அது, வேகம் 192 கி.மீ. கணக்கு இப்படி: 200 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 55.6 மீட்டர். அதை 1 மீட்டருக்குள் நிறுத்தினால் சராசரி 157 ஜி. அதே வேகத்தை 3 மீட்டரில் நிறுத்தினால் 52 ஜி. நசுங்கும் மூக்கு, டயர் அடுக்கு, உடலோடு ஒட்டிய பெல்ட் என எல்லாம் பாடுபடுவது அந்த இரண்டு மீட்டரைச் சம்பாதிக்கத்தான். உச்சம் நொடியின் சிறு துளிதான் நிற்கும், அதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வேகம் இரட்டித்தால் தேவைப்படும் தூரம் நான்கு மடங்கு.

அருவங்காடு: ஹேன்ஸ் வாங்கப் போகிறேன். எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மோதலில் பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், தலையையும் ஹெல்மெட்டையும் பிடிக்க ஆளில்லை. அவை முன்னே பாய்வதை மண்டையோட்டின் அடிப்பகுதி தாங்காமல் முறியும். 1994 இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தது அப்படித்தான். ஹேன்ஸ் மாட்டின் நுகத்தடிபோல் தோளில் உட்காரும், இரண்டு வார்கள் ஹெல்மெட்டைப் பிடித்திருக்கும், மேலே தோள் பெல்ட் அழுத்தும். எஃப்1இல் 2003 முதல் கட்டாயம்.

கோணம் பார்த்து வாங்குங்கள். நிமிர்ந்து உட்காரும் சலூன் காருக்கு 20 டிகிரி, சாய்ந்து படுக்கும் ஃபார்முலா காருக்கு பெரும்பாலும் 30. நண்பரின் சலூன் ஹேன்ஸைக் கடன் வாங்கினால் கழுத்துப்பட்டை ஹெல்மெட்டில் முட்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 8858 தர முத்திரை இருக்கவேண்டும். தோள் பெல்ட் பின்னால் இறங்கும் கோணம் கிடைமட்டத்திலிருந்து 20 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மோதலில் பெல்ட்டே முதுகெலும்பைக் கீழே அமுக்கும். இடுப்பு பெல்ட்டை முதலில் இறுக்குங்கள். அது வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் கிடக்கவேண்டும். தோள் அதற்குப் பிறகு. வரிசை மாறினால் தோள் பெல்ட் இடுப்பு பெல்ட்டை வயிற்றுக்கு இழுத்துவிடும். பெல்ட்டில் தைத்திருக்கும் லேபிளில் காலாவதி ஆண்டு இருக்கும், அதை மீறி ஒரு சுற்றும் ஓட்டாதீர்கள்.

கூடலூர்: ஐஎஸ்ஐ பைக் ஹெல்மெட்டில் துளை போட்டு ஹேன்ஸ் வார் மாட்டும் ஆணி வைக்கலாமா?

கூடாது. துளை போட்ட இடத்திலிருந்தே ஓடு பிளக்கும். பைக் ஹெல்மெட்டின் உள்துணி தீயும் தாங்காது.

மஞ்சூர்: அடுத்த மாதம் முதல்முறை மார்ஷல் வேலை. மோதிய காரில் டிரைவர் அசையாமல் இருந்தால் என்ன செய்வது?

உங்களுக்கு முந்தைய போஸ்ட்டில் மஞ்சள் கொடி ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். இருவராகப் போங்கள், ஒருவர் கையில் தீயணைப்பான், மற்றவர் கண் வரும் கார்கள்மேல். காரை முன்பக்கமாக, டிரைவர் கண்ணில் படும்படி நெருங்குங்கள். பக்கவாட்டிலிருந்து கூப்பிட்டால் சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்புவார், கழுத்து அடிபட்டிருந்தால் அந்த ஒரு திருப்பமே போதும். நீல முக்கோணத்தில் சிவப்பு மின்னல் குறி உள்ள சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்தும். வெள்ளை வட்டத்தில் சிவப்பு 'இ' எழுத்து இருந்தால், காரின் சொந்தத் தீயணைப்பான் அங்கே.

நெருப்பு இல்லையென்றால் தூக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், டாக்டர் வரும்வரை பேச்சுக் கொடுங்கள். பாவம் என்று இழுத்து வெளியே போடும் நல்ல மனசுதான் இங்கே பெரிய ஆபத்து. நெருப்பு இருந்தால் கணக்கே வேறு. எஃப்ஐஏ 8856-2018 தரத்துத் தீத்தடுப்பு உடையே 12 நொடிதான் சோதிக்கப்படுகிறது. காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று தீயின் அடியில் அடியுங்கள், எப்படியாவது வெளியே எடுங்கள்.

உதகை: பனிமூட்டத்திலேயே ஓட்டிப் பழகியவர்களுக்கு மழை ரேஸ் சுலபம்தானே?

இல்லை. தொட்டபெட்டா மூட்டத்தில் எதிரே தெரியாவிட்டால் 20 கி.மீ.க்கு இறங்கிவிடுவீர்கள். பந்தயத்தில் மூட்டத்தை உண்டாக்குவதே முன்னே போகும் கார்: எஃப்1இன் முழு மழை டயர் ஒன்று 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கிறது. அதற்குள் ஒரு கார் சுழன்று குறுக்கே நின்றால் பின்னால் வருபவருக்குத் தெரிய வழியில்லை. 2023 ஜூலையில் ஸ்பாவில் டிலானோ ஃபான்ட் ஹோஃப் இறந்தது இப்படிப்பட்ட மழை ஓட்டத்தில்தான்.

குன்னூர்: எஃப்1இல் இப்போது சாவே இல்லையா?

கடைசியாகப் போனவர் ஜூல்ஸ் பியாங்கி. 2014 அக்டோபரில் சுசூகாவில் அடிபட்டு, 2015 ஜூலையில் இறந்தார். மழையில், மஞ்சள் கொடி ஆடிய இடத்தில் கார் வழுக்கி, இன்னொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த வண்டியில் மோதியது. 700 கிலோ கார், 6,500 கிலோ வண்டி, வேகம் 126. மூடிய காக்பிட் இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்காது என்றே விசாரணை அறிக்கை சொன்னது. 2015இல் வர்ச்சுவல் சேஃப்டி கார் வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் வேகம் குறைக்கவேண்டும். அப்படியும் 2022இல் அதே சுசூகாவில், அதே மழையில், மீட்பு வண்டியை உரசாத குறையாகக் கடந்தார் பியர் காஸ்லி. எனக்கு இதில் சமாதானமே கிடையாது. பாதையில் கனரக வண்டி இறங்கினால் பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி, அவ்வளவுதான். மஞ்சூர்க்காரர் கவனிக்க: வண்டி இறங்குவதற்கு முன் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி ரேடியோவில் காதில் விழுந்திருக்கவேண்டும். விழவில்லையா, கையைக் காட்டி மீட்பு வண்டியின் டிரைவரை அங்கேயே நிறுத்துங்கள்.