துணியை அச்சடித்த பிறகுதான் தைத்தார்கள்: உருமறைப்புச் சீருடை கேள்வி-பதில்

சிறிய மாதிரிப் போர்வீரர் உருவங்களுக்குப் பெயின்ற் பூசுவது பற்றி இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை உருமறைப்புச் (கமஃபிளாஜ்) சீருடை பற்றிய கேள்விகள். மற்றவை அடுத்த முறைக்கு. எழுதும்போது உருவத்தின் அளவு (1/35 என்றால் உண்மை அளவில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), எந்தப் படை, எந்த ஆண்டு என்ற மூன்றையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். இதை முன்பும் சொல்லியிருக்கிறேன்.

யேர்மன் வீரனுக்கு உருமறைப்பு அடிக்க என்னென்ன நிறம் வேணும்? (சாவகச்சேரி)

எந்த யேர்மன் வீரன்? 1931இல் வந்த கூடாரத் துணியின் ஸ்பிளின்ரர் (கூரிய துண்டுகள் போன்ற) வடிவமா, 1943இன் சதுப்பு வடிவமா, நாசிக் கட்சியின் ஆயுதப் படையான வஃபன் எஸ்.எஸ்.இன் ஓக் இலையா, 1944இன் பட்டாணிப் புள்ளியா, 1990களின் பிளெக்ரானா? ஒவ்வொன்றுக்கும் நிறமும் வேறு, பூசும் ஒழுங்கும் வேறு. அளவு, படை, ஆண்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

1/35 உருவம், வஃபன் எஸ்.எஸ்., 1944 கடைசி. பட்டாணிப் புள்ளிச் சட்டையும் காற்சட்டையும். புள்ளியெல்லாம் போட்டு முடிய, ஒரு முழம் தள்ளி வைச்சுப் பார்த்தால் வெறும் மண்ணிறமாத்தான் தெரியுது. எங்கே பிழை? (மானிப்பாய்)

கேள்வி என்றால் இப்படிக் கேட்க வேண்டும். பிழை புள்ளியில் இல்லை, அதற்குக் கீழே உள்ள திட்டில் இருக்கிறது. வெளிர் கபில நிலத்தின் (அடி நிறத்தின்) மேல் பெரிய, ஒழுங்கற்ற கருங்கபிலத் திட்டுகள்தான் இந்த வடிவத்தின் எலும்பு. தள்ளி நின்று பார்க்கும்போது கண்ணில் படுவது அவை மட்டுமே. நீங்கள் அவற்றைச் சிறிதாகப் போட்டிருப்பீர்கள், அல்லது புள்ளியால் மூடியிருப்பீர்கள். ஒரு திட்டு 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை இருக்கட்டும். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது அவை பிடிக்க வேண்டும்.

வலேஹோ பெயின்ற் வைத்திருப்பவர்கள் 826ஆம் இலக்க நிறத்துடன் கொஞ்சம் 821 கலந்து நிலத்துக்கும், 822ஐத் திட்டுக்கும் எடுக்கலாம். பச்சைக்கு 833உம் 896உம் காணும். பிறகு புள்ளி. இருண்ட திட்டின் மேல் வெளிர் பச்சையும் 821உம், வெளிர் நிலத்தின் மேல் கரும்பச்சையும் கருங்கபிலமும் வர வேண்டும். திட்டின் நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் ஐதாகவும் போடுங்கள். உண்மைத் துணியில் 1 சென்ரிமீற்றர் உள்ள புள்ளி 1/35இல் 0.3 மில்லிமீற்றர்தான். அதைவிடப் பெரிதாகப் போனால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நீங்கள் சொல்லும் அதே மண்ணிறமாகிவிடும். பெயின்ற்றும் பற்றறித் தண்ணீரும் (வாகனப் பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர், அமிலம் அல்ல) சரிபாதி, பத்துத் துளிக்கு ஒரு துளி ரிற்றாடர் (பெயின்ற் காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்). பிறஷை நனைத்ததும் ஒருமுறை ரிசுவில் தொட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள். தொடாமல் வைத்தால் முதல் புள்ளி குளமாகும்.

10/0 பிறஷ் எங்கே வாங்கலாம்? (சுன்னாகம்)

தேவையில்லை. எங்கள் வெக்கையில் அவ்வளவு சிறிய பிறஷின் நுனி, உருவத்தைத் தொட முன்னமே காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கும் நல்ல கொலின்ஸ்கி மயிர் பிறஷ், 0 அல்லது 1ஆம் இலக்கம், போதும். வயிற்றில் பெயின்ற் நிற்க வேண்டும், நுனி மட்டும் எழுத வேண்டும். வேலை செய்யும்போது மின்விசிறியை நிற்பாட்டுங்கள்.

ஸ்பிளின்ரர் மேற்சட்டை, 1/35, 1943. பை, கை, தோள் எல்லாத்திலும் வடிவம் அறாமல் தொடர்ந்து போகவேணும் எண்டு பாடுபட்டு அடிச்சேன். போட்டியில் நடுவர் அதுக்கே புள்ளி குறைச்சிட்டார். இது நியாயமோ? (கொக்குவில்)

நியாயம்தான். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிழையை இப்போது கிட்டத்தட்ட எல்லா மேசையிலும் காண்கிறேன், ஆகவே வடிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உருமறைப்பு உடுப்பின் மேல் வரையப்பட்டதல்ல. துணி முதலில் அச்சாகும், பிறகு வெட்டப்படும், கடைசியாகத்தான் தைக்கப்படும். பெட்டிச் சட்டை தைக்கக் கொடுத்தால் நல்ல தையற்காரர் பையின் கோட்டைச் சட்டையின் கோட்டோடு பொருத்தித் தருவார், அதற்குத் துணி கூடப் போகும். போர்க்காலத் தொழிற்சாலைக்கு அந்தத் துணியும் இல்லை, நேரமும் இல்லை. எனவே தோள் மூட்டில் வடிவம் முறியும். பக்கத் தையலில் முறியும். பை மூடியில் ஒரு பச்சைத் துண்டு பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், அதன் கீழே பையில் வேறொன்று தொடங்கும். தலைக்கவச உறையும் பல துண்டுகளாகத் தைத்ததே, அங்கும் இதே கதைதான். வடிவம் எங்கும் அறாமல் ஓடினால் அது துணியாகத் தெரியாது, உடம்பில் பூசிய பெயின்ற்றாகத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இது. பிரைமர் காய்ந்ததும் கூரான பென்சிலால் தையல்களைக் குறியுங்கள். தோள், கைமூட்டு, பக்கம், கழுத்துப்பட்டி, பை, பை மூடி, காற்சட்டையின் உட்கால் எல்லாம் வர வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டையும் தனித்தனி வேலையாக எடுங்கள். தையலில் நிறுத்துங்கள், அடுத்த துண்டை வேறு இடத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாத் தையலிலும் முறிக்க வேண்டியதில்லை. தற்செயலாக ஒன்றிரண்டு பொருந்துவதும் இயல்பே. ஐந்தாறு இடத்தில் பளிச்சென்று முறிந்தால் கண் நம்பிவிடும். கடைசியில் தையல் வழியே கருங்கபிலத்தை ஒன்றுக்கு ஆறு பங்கு தண்ணீரில் கரைத்து மெல்லிய கோடு.

மடிப்பிலும் இதே கணக்குத்தான். 1 மில்லிமீற்றர் ஆழமான மடிப்பு தனக்குள் 2 மில்லிமீற்றர் துணியை விழுங்கும். உண்மை அளவில் அது 7 சென்ரிமீற்றர். ஆகவே மடிப்புக்குள் போகும் திட்டு மறுகரையில் அதே இடத்தில் வெளிவராது, கொஞ்சம் தள்ளித்தான் வரும், சில வேளை வரவே வராது. மடிப்பின் ஓரத்தைப் பின்பற்றித் திட்டுப் போடுவது இன்னும் மோசம். மடிப்புக்கும் அச்சுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஸ்பிளின்ரரின் மழைக்கோடுகளையும் (திட்டுகளின் மேல் மழை போல விழும் மெல்லிய கோடுகள்) கவனியுங்கள். துணியில் அவை ஒரே திசையில்தான் ஓடும். வீரன் கையை மடித்தால் கோடும் கையோடு திரும்ப வேண்டும். கை கிடையாக நீட்டியிருக்க, கோடு நிலத்துக்கு நேராக விழுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது. இருபுறமும் அணியக்கூடிய உடுப்பென்றால், உதாரணம் ஓக் இலை மேற்சட்டை, மடித்துவிட்ட கைமுனையில் மற்றப் பக்கத்து நிறம் தெரிய வேண்டும். பட்டாணிப் புள்ளி உடுப்பு அப்படியல்ல, அது ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது.

இதெல்லாம் ஏன் தவறுகிறது? மற்றவர் பூசிய உருவத்தைப் பார்த்துப் பூசுவதால்தான். அவர் விட்ட பிழை உங்களிடம் வந்து, உங்களிடமிருந்து அடுத்தவருக்குப் போகிறது. உண்மை உடுப்பைப் பாருங்கள். இலண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலுள்ள உடுப்புகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பிரித்தானிய வான்குடைப் படையினர் அணிந்த ஒரு டெனிசன் மேற்சட்டையின் பையை மட்டும் பெருப்பித்துப் பார்த்தாலே காணும்.

வாஷ் (நல்லாக் கரைச்ச பெயின்ற்) காய்ந்ததும் மடிப்பைச் சுற்றி வெள்ளை வளையம் வருது. (பருத்தித்துறை)

கிணற்றுத் தண்ணீரில் கரைத்திருப்பீர்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு மிஞ்சும். கேத்திலின் அடியில் படிவது இதே பொருள்தான். வாகனப் பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வையுங்கள். மாதக்கணக்கில் வரும். ஆனால் பற்றறி அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள், சுட்டியைப் படித்து வாங்குங்கள்.

இன்னொன்று. உருமறைப்பின் மேல் முழுவதுமாக வாஷ் ஊற்றவே கூடாது. நான்கைந்து நிறமும் ஒரே அழுக்கு நிறமாகும். உலர் பிறஷும் (பெயின்ற்றைத் துடைத்தெடுத்த பிறஷால் மேடுகளில் உரசுவது) வேண்டாம், அது திட்டின் ஓரங்களை அழித்துவிடும். நிழலையும் வெளிச்சத்தையும் அடி நிறத்திலேயே கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டு, வடிவத்தை மெல்லிய, பாதி ஊடுதெரியும் பூச்சாகப் போடுங்கள். முடிந்த பின் ஆழமான மடிப்புக்குள் மட்டும் வாஷ், ஒன்றுக்குப் பத்து, பற்றறித் தண்ணீரில்.

தமியா பெயின்ற்றால் இரண்டாம் நிறம் அடிக்க, முதல் நிறம் கரைஞ்சு வருது. (நல்லூர்)

தமியா அக்ரிலிக் மதுசாரம் கலந்தது, கீழ்ப்பூச்சை இளக்கும். அடி நிறத்தை அதால் எயார்பிறஷ் பண்ணுங்கள், ஒரு நாள் காயவிட்டு வடிவத்தை வலேஹோ போன்ற தண்ணீர்ப் பெயின்ற்றால் பூசுங்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை தேய்க்க வேண்டாம்.

மாற் (பளபளப்பில்லாத) வார்ணிஸ் ஸ்பிறே அடிக்க, முழு உருவமும் பனி மூடினது போல வெளிறிட்டுது. (அச்சுவேலி)

எந்த மாதம் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் என்று நினைக்கிறேன். ஈரக் காற்றில் ஸ்பிறே அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளிறும். ரின்னை வடிவாகக் குலுக்காவிட்டாலும் வெள்ளை வரும், ஆனால் அது தூளாக, கையில் தட்டுப்படும். ஈரத்தால் வந்ததென்றால் நல்ல வெயில் நாளில் பளபள வார்ணிஸ் மெல்லியதாக ஒரு பூச்சு அடியுங்கள், பெரும்பாலும் தெளியும். அதன் மேல் திரும்ப மாற். மாரி காலத்தில் ஸ்பிறேயை விட்டு, பிறஷால் பூசும் வார்ணிஸையே எடுங்கள்.

1991 வளைகுடாப் போர், அமெரிக்க வீரன், 1/35. மூன்று நிறப் பாலைவன உடுப்பு சரியோ? (காரைநகர்)

இல்லை. அப்போது பெரும்பாலும் இருந்தது கல்லுப் புள்ளி வைத்த ஆறு நிற உடுப்பு. யேர்மனியிலிருந்து போன பிரிவுகளில் கனபேர் பச்சை வூட்லண்ட் உடுப்போடே நின்றார்கள். இரசாயனப் பாதுகாப்பு உடுப்பும் வூட்லண்ட் நிறம்தான். கல்லுக்கு முதலில் கருங்கபிலப் புள்ளி, அதன் மேல் சற்று விலத்திச் சிறிய வெள்ளைப் புள்ளி. ஓரத்தில் இருண்ட பிறை மிஞ்ச வேண்டும். தனிக் கறுப்பும் தனி வெள்ளையும் இந்த அளவில் கண்ணைக் குத்தும், எடுக்காதீர்கள்.

நோர்மண்டியில் அமெரிக்கர் உருமறைப்பு உடுப்புப் போட்டவையோ? (கோப்பாய்)

ஆம். 1944 யூலையில் 2ஆம் கவசப் பிரிவில் சிலர், கொஞ்ச நாளைக்கு. வஃபன் எஸ்.எஸ். என்று சொந்த ஆட்களே மயங்கியதால் பிறகு கைவிட்டார்கள்.

1/72இல் பட்டாணிப் புள்ளி எப்படி? ஆண்டு 1944. (உரும்பிராய்)

எல்லாப் புள்ளியையும் போட நினைக்காதீர்கள், உருவமே 24 மில்லிமீற்றர்தான். கருங்கபிலத் திட்டு, அதன் மேல் வெளிர் பச்சைப் புள்ளி நாலைந்து, நிலத்தில் கரும்பச்சை நாலைந்து. எல்லா நிறத்திலும் ஐந்தில் ஒரு பங்கு மண் மஞ்சள் கலந்து வெளிறச் செய்யுங்கள். வெள்ளை கலந்தால் சுண்ணாம்பு பூசியது போலாகும். கரைப்பதற்குப் பற்றறித் தண்ணீர்தான், மறக்க வேண்டாம்.