வகுப்பறையில் வீடு வாங்குவோருக்கு: கேள்வி-பதில்

அமெரிக்க நகரங்களில் மூடப்பட்ட பழைய பள்ளிக் கட்டடங்கள் பல, உயர்விலைக் காண்டோக்களாக (ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகச் சொந்தமாக வாங்கும் அடுக்ககங்களாக) மாற்றப்பட்டு விற்கப்படுகின்றன. அவற்றில் வீடு வாங்கியவர்களும் வாங்க விரும்புகிறவர்களும் எழுதிய கடிதங்கள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால், இம்முறை முழு இடத்தையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்துள்ளேன்.

கேள்வி: படங்களைப் பார்த்தே முன்பணம் கட்டிவிட்டேன். இப்போது ஒற்றைக் கண்ணாடி போட்ட பழைய மரச் சன்னல்களை மாற்றக் கூடாது என்கிறார்கள். என் வீட்டுச் சன்னலை மாற்ற எனக்கு உரிமை இல்லையா?

பதில்: இல்லை. காண்டோவில் உங்களுக்கு உரியது பெரும்பாலும் சுவர்களுக்கு உட்பட்ட பகுதி மட்டுமே. வெளிச்சுவர், கூரை, பல இடங்களில் சன்னல்கள் ஆகியவை எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானவை. நகராட்சி அக்கட்டடத்தை மரபுச் சின்னமாக அறிவித்திருந்தால், வெளித்தோற்றத்தைத் தொட அதற்கான குழுவின் ஒப்புதலும் வேண்டும். (தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் பெயர் இருப்பது மட்டும், தன் பணத்தில் வேலை செய்யும் தனியாரைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்துவது பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டமே.) இவையெல்லாம் உங்களிடம் கொடுக்கப்பட்ட ஆவணங்களில் இருந்திருக்கும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்குமுன் ஒரு மாலைப் பொழுதை அவற்றைப் படிக்கச் செலவிட்டிருக்கலாம். பல மாநிலங்களில், கட்டுநரிடமிருந்து நேரடியாக வாங்குபவர் ஆவணங்கள் கைக்கு வந்த சில நாள்களுக்குள் விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்று இன்றே ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். முடிந்துவிட்டால், சன்னலின் உட்புறம் பொருத்தும் இரண்டாவது கண்ணாடிச் சட்டத்துக்கு வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் ஒப்புதல் கேளுங்கள். குளிர் பெருமளவு குறையும், வெளித்தோற்றமும் மாறாது.

கேள்வி: பழைய விளையாட்டுத் திடலில் எனக்குக் கார் நிறுத்த இடம் உண்டு என்று விற்பனையாளர் வாய்மொழியாக உறுதி கூறினார். நம்பலாமா?

பதில்: எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: சன்னல்கள் அவ்வளவு பெரிதாக இருந்தும் சமையலறை பகலிலேயே இருட்டாக இருக்கிறது. என்ன காரணம்?

பதில்: அந்த வகுப்பறைகள் பகல் வெளிச்சத்தை நம்பிக் கட்டப்பட்டவை. எழுதும் கையின் நிழல் தாளில் விழாதிருக்க, மாணவர்களின் இடப்பக்கச் சுவரில் மட்டும் உயரமான சன்னல்களை வைப்பது அக்கால வழக்கம். திறந்த வகுப்பறையில் உட்சுவர் வரை எட்டிய அந்த ஒளியைக் கட்டுநர் எழுப்பிய தடுப்புச் சுவர் மறித்துவிட்டது. தடுப்பின் மேற்பகுதியில் கண்ணாடி பதிக்கலாம். அதற்கும் முன்னதாகச் சங்கத்தின் ஒப்புதலைப் பெறுங்கள்.

கேள்வி: வரலாற்றுக் கட்டடம் என்பதால் 20 விழுக்காடு கூட்டரசு வரிச்சலுகை எனக்குக் கிடைக்கும் என்று சொல்லி விற்றார்கள். வரிக் கணக்காளர் அப்படி எதுவும் கிடையாது என்கிறார். அந்தத் தொகையை நம்பித்தான் கடன் வாங்கினேன்.

பதில்: உங்கள் கணக்காளர் சொல்வதே சரி. அந்தச் சலுகை வருமானம் ஈட்டும் கட்டடங்களைப் புதுப்பிப்பவருக்கு உரியது; தானே குடியிருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. சலுகை பெற்றவர் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடத்தை விற்றால், ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவும் நேரும். வாடகைக் குடியிருப்பாகச் சில ஆண்டுகள் நடத்திவிட்டு அதன்பின் காண்டோவாக்கும் வழியைச் சிலர் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சியாட்டிலில் 1909-இல் திறக்கப்பட்டு 1981-இல் மூடப்பட்ட குவீன் ஆன் உயர்நிலைப் பள்ளியும் 1980-களில் வாடகை வீடுகளாகி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகே காண்டோவாயிற்று.

விற்பனையைத் தொழிலாகக் கொண்டவர் சொன்னதை நம்பியது உங்கள் குற்றமன்று. அவர் அனுப்பிய மின்னஞ்சல், குறுஞ்செய்தி, விளம்பரத் தாள் அனைத்தையும் தேதி வரிசையில் எடுத்துவையுங்கள்; தொலைபேசியில் பேசியவற்றை நினைவிருக்கும்போதே எழுதிவையுங்கள். மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள், காண்டோ வழக்குகளில் பழகிய வழக்கறிஞரையும் பாருங்கள். சில மாநிலங்கள் சொந்த வீட்டுக்கும் தனிச் சலுகை தருகின்றன. உங்கள் மாநிலம் அவற்றுள் ஒன்றா என்பதையும் கணக்காளரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தம்பதியர் நாங்கள். மாதப் பராமரிப்புக் கட்டணம் குறைவாக இருந்ததால் வாங்கினோம். இரண்டே ஆண்டில் கட்டணம் இருமடங்காகிவிட்டது. செங்கல் சுவருக்கும் ஸ்லேட் கூரைக்கும் என்று தனியாக ஒரு பெருந்தொகையும் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே போன்ற ஒரு பழைய பள்ளியில், இதே காரணத்துக்காக ஒரு வீட்டை வாங்கினேன். மூன்றாம் குளிர்காலத்தில் வெளிச்சுவரின் செங்கற்கள் பொரிந்து உதிரத் தொடங்கின. பழைய செங்கல் மென்மையானது. அதன் இணைப்புகளில் சுண்ணாம்புச் சாந்துதான் இருக்க வேண்டும், அப்போதுதான் சுவருக்குள் புகும் ஈரம் சாந்தின் வழியே வெளியேறும். எங்கள் கட்டுநர் கடினமான சிமெண்டை வைத்துப் பூசியிருந்தார். வெளியேற வழியில்லாத ஈரம் செங்கலிலேயே தங்கி, உறைபனியில் விரிந்து, அதன் முகத்தைப் பெயர்த்துத் தள்ளியது. பெரும் பழுதுகளுக்கெனச் சங்கம் ஒதுக்கிவைக்க வேண்டிய சேமநிதியில் பணம் இல்லாததால், ஒரு காரின் விலைக்கு நிகரான தொகையை ஒவ்வொரு வீட்டாரும் கட்டினோம்.

பெரும்பாலான வீடுகள் விற்கும் வரை சங்கத்தின் நிர்வாகம் பொதுவாகக் கட்டுநரின் கையில் இருக்கிறது. மாதக் கட்டணத்தை முடிவு செய்பவரும் அவரே. கட்டணம் குறைவாகத் தெரிந்தால் வீடு எளிதில் விற்கும் என்பதால், நூறாண்டுக் கட்டடத்துக்குப் புதுக் கட்டடத்தின் பராமரிப்புச் செலவைக் கணக்குக் காட்டுகிறார்கள். தாமிர வடிகாலும் ஸ்லேட் கூரையும் பதினைந்தடி உயரச் சன்னல்களும் பழுதானால், அவற்றைச் சரிசெய்யத் தெரிந்த கைவினைஞர் சிலரே. அவர்களின் கூலியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். குறைந்த கட்டணம் என்பது எதிர்காலச் செலவை வாங்குபவரின் தலையில் கட்டும் மறைமுகக் கடன் என்பதை நான் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன், இனியும் எழுதுவேன். 2021-இல் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் ஒரு காண்டோ இடிந்து 98 பேர் இறந்தனர். தேவையான பழுதுபார்ப்புகள் அங்கே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்பட்டிருந்தன. மறு ஆண்டே அம்மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள காண்டோக்களில் கட்டமைப்புக்கான சேமநிதியைக் கட்டாயமாக்கச் சட்டம் இயற்றியது.

நீங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. பழைய சுவர்களில் அனுபவமுள்ள, கட்டுநரோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரைக் கொண்டு சங்கத்தின் பெயரில் அறிக்கை பெறச் செய்யுங்கள். குறை புதுப்பிப்பு வேலையில்தான் என்று தெரிந்தால் செலவைக் கட்டுநரிடமே கேட்கலாம்; ஆனால் அதற்கான காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், தாமதித்தால் உரிமை போய்விடும். தனி வசூலைத் தவணையில் கட்ட அனுமதி கேளுங்கள். வாங்கவிருக்கும் மற்றவர்கள் சேமநிதி ஆய்வறிக்கையைக் கேட்டுப் பெறுங்கள். ஆண்டு வரவுசெலவில் 10 விழுக்காடாவது சேமநிதிக்குப் போகவில்லையென்றால், நூறாண்டுக் கட்டடத்தில் அடியெடுத்து வைக்காதீர்கள்.

கேள்வி: முழுவதும் புதுப்பித்துவிட்டதால் ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் பற்றிய கவலையே வேண்டாம் என்கிறார்கள். வேறு யாரிடம் கேட்பது?

பதில்: பள்ளி மாவட்டத்திடம் (அப்பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பிடம்) கேளுங்கள். 1986-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி, ஒவ்வொரு பள்ளியும் ஆஸ்பெஸ்டாஸ் எங்கெங்கே இருக்கிறது என்று ஆய்ந்து ஒரு மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும். உங்கள் கட்டடம் அதற்குப் பின்னும் பள்ளியாக இயங்கியிருந்தால் அந்தக் கோப்பைத் தேடிப் பெறுங்கள். பிறகு, எந்தெந்தப் பொருள் அகற்றப்பட்டது, எது மூடி மட்டும் வைக்கப்பட்டது என்பதற்கான சான்றுகளைக் கட்டுநரிடம் கேட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் 1978-இல்தான் தடைசெய்யப்பட்டது; குழந்தைகள் இருக்கும் வீடென்றால் சன்னல் சட்டங்களை உங்கள் செலவிலேயே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: மேல்வீட்டில் நடக்கும் ஒவ்வோர் அடியும் கேட்கிறது. பழைய கட்டடம் என்றால் உறுதியானது இல்லையா?

பதில்: சுவர் உறுதியானதுதான், ஆனால் பல பழைய பள்ளிகளின் தளம் மர உத்தரங்களின் மேல் நிற்பது, அது அடியோசையைக் கடத்தும். நான் அடுத்து வாங்கிய வீட்டை, மேல்வீட்டார் ஊரில் இல்லாத ஒரு ஞாயிறு காலையில் பார்த்து முடிவு செய்தேன். அங்கே ஓராண்டுகூட நிம்மதியாகத் தூங்கவில்லை. மேல்வீட்டாரிடம் கம்பளம் விரிக்கும்படி கேளுங்கள், பல சங்கங்களின் விதிகளில் அதற்கு இடமுண்டு.

கேள்வி: அலமாரி வைக்கச் சுவர்ப்பலகையைப் பெயர்த்தபோது, பின்னால் சுண்ணக்கட்டி எழுத்தோடு பழைய ஸ்லேட் கரும்பலகை தெரிந்தது. ஒப்பந்தக்காரர் அதை இலவசமாகவே அகற்றிக் கொண்டுபோகிறேன் என்கிறார்.

பதில்: கொடுக்காதீர்கள், வேலையை உடனே நிறுத்துங்கள். பழைய ஸ்லேட்டுக்கு விலை உண்டு என்பது அவருக்குத் தெரியும். தவிர, அந்தச் சுவர் எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானதாகவும் இருக்கலாம். 2015-இல் ஓக்லஹோமா நகரின் எமர்சன் உயர்நிலைப் பள்ளியில், பழைய பலகைகளைக் கழற்றியபோது 1917-ஆம் ஆண்டின் பாடங்களும் வண்ண ஓவியங்களும் அழியாமல் அப்படியே இருந்தன. துடைக்க வேண்டாம், ஈரத்துணி படவே கூடாது. படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டு, அலமாரிக்கு வேறு சுவரைப் பாருங்கள்.