எஸ்ஏடி வாசிப்பு, எழுத்துப் பகுதி: மாதிரித் தேர்வு எழுதியும் மதிப்பெண் ஏன் ஏறவில்லை?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வுக்கு உங்கள் மாணவர்கள் வாரம் ஒரு மாதிரித் தேர்வு எழுதியும் மதிப்பெண் நகரவில்லை என்கிறீர்கள். தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். எழுதியதைத் திரும்பிப் பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள்.

இந்தப் பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடம். 27 கேள்விகள் வீதம் இரண்டு பாகங்கள். முதல் பாகத்தில் செய்வதைப் பொறுத்து இரண்டாவதன் கடினம் மாறும். ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக ஒரு சிறு பத்தி, அதிகபட்சம் 150 சொற்கள். (பெயரில்தான் எழுத்து, ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, தரப்படும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தால் போதும்.)

பெரும்பாலோர் சறுக்குவது ஆங்கிலம் தெரியாததால் அல்ல, விடைகளை முதலில் பார்த்துவிடுவதால். நான்கையும் கையால் மறைத்துக்கொண்டு, பத்தி என்ன சொல்கிறது என்பதைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு பொருத்தட்டும். தவறான விடைகள் ஏறக்குறைய ஒரே சாயலில்தான் இருக்கும்: பாதி சரியாக இருக்கும், அல்லது உண்மையாகவே இருக்கும், ஆனால் பத்தியில் இருக்காது, அல்லது 'எப்போதும்', 'மட்டுமே' என்று பத்தியை மிஞ்சிப் பேசும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் "எது என்னை இழுத்தது?" என்று ஒரு வரி நோட்டில் எழுத வையுங்கள். இரண்டு வாரத்தில் அவரவர் பலவீனம் அவரவருக்கே தெரிந்துவிடும்.

இலக்கணம் எளிது. முற்றுப்புள்ளி, அரைப்புள்ளி, காற்புள்ளி எங்கே வரும், எழுவாய்க்கேற்ற வினை எது என்பதிலேயே கணிசமான கேள்விகள் அடங்கிவிடும்.

தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் காலியாக விட வேண்டாம்.